ஃபிஜித் தீவுகளின் நிலமும் மொழிகளும்: ஒரு தோட்டத் தமிழின் வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், விதுராவைக் கடந்து மலையேறினால் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் காட்டுவழி இங்கிருந்துதான் தொடங்குகிறது. தேயிலைத் தொழிற்சாலை இயங்காது நின்றுவிட்டது. தமிழுக்கு இலக்கணம் தந்தவராக மரபு போற்றும் முனிவரின் பெயர் தாங்கிய இம்மலையின் அடியில் பள்ளி, அலுவலகம், பேருந்துப் பலகை ஆகிய அனைத்தும் மலையாளத்தில் இருக்க, தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் தமிழ் ஒலித்து வந்துள்ளது. அக்குடியிருப்புக்கு 'லயம்' என்று பெயர். வரிசை என்னும் பொருளுடைய 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. இலங்கை மலையகத்தில் அதே சொல் 'லயம்' என்றும் 'லயன்' என்றும் வழங்குகிறது. தென் பசிபிக்கில் உள்ள ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் அது 'லைன்' என்றே நின்றது.

மூன்று இடங்களுக்கும் தமிழர் கூலித் தொழிலாளராகவே சென்றனர். மூன்று இடங்களிலும் வெள்ளையரின் தோட்டம், ஒரே மாதிரியான குடியிருப்பு, ஏறத்தாழ ஒரே வகையான மேற்பார்வை. ஆயினும் இலங்கை மலையகத்தில் தமிழ் ஒரு பெருஞ்சமூகத்தின் மொழியாக நிலைபெற்றது; போனக்காடு போன்ற கேரள மலைத்தோட்டங்களில் வீட்டுமொழியாகத் தொடர்ந்தது; ஃபிஜியிலோ இரண்டு தலைமுறைக்குள் வீட்டைவிட்டு வெளியேறிக் கோயிலுக்குள் ஒதுங்கியது. இவ்வேறுபாட்டுக்குத் தாய்மொழிப் பற்றின்மையைக் காரணமாகக் கூறுவோர் உளர். அது மக்கள்மீது சுமத்தப்படும் எளிய குற்றச்சாட்டு. ஆட்களைத் திரட்டிய முறை, அவர்கள் போய்ச் சேர்ந்த காலம், குடியமர்ந்த நிலத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் மொழியின் விதியை எவ்வாறு தீர்மானித்தன என்பதை ஃபிஜியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தீவுகளும் மண்ணின் மக்களும்

ஃபிஜி ஏறத்தாழ 330 தீவுகளின் தொகுதி. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். மொத்த நிலப்பரப்பு சற்றேறக்குறைய 18,270 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு எனலாம். வித்தி லேவு, வனுவா லேவு என்னும் இரு பெருந்தீவுகள் இப்பரப்பில் பெரும்பகுதியைக் கொண்டுள்ளன. எரிமலையால் உருவான இத்தீவுகளின் நடுவே மலைகள் எழுந்துள்ளன. மிக உயர்ந்ததான தோமனிவி 1,324 மீட்டர் உயரமுடையது. தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கிழக்குப் பக்கத்தில் மழையைப் பொழிந்துவிடுவதால் மேற்குப் பக்கம் மழைமறைவாக உள்ளது. கரும்பு அம்மேற்குக் கரையிலும் வனுவா லேவின் வடகரையிலும் விளைந்தது. இந்தியத் தொழிலாளர் பெரும்பான்மையும் குடியமர்ந்தது அங்கேயே. தலைநகர் சுவா மழைமிகு தென்கிழக்கில் இருக்க, தென்னிந்தியரின் வாழ்வு நாந்தி, லவுத்தோக்கா, பா, லம்பாசா முதலிய கரும்பு ஊர்களைச் சுற்றியே அமைந்தது.

ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்னர், 'லப்பித்தா' எனப்படும் அழகிய மட்கலங்களுடன் கடலோடிகள் இத்தீவுகளில் குடியேறினர். அவர்தம் மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பம் மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரை பரந்துள்ளது. ஐந்து என்பதற்கு ஃபிஜியன் 'லிமா', கண் என்பதற்கு 'மத்தா' என்னும். மலேசியத் தமிழர் நாள்தோறும் கேட்கும் மலாய்ச் சொற்களும் இவையே. ஃபிஜிய மொழியைத் தமிழின் கிளையெனக் காட்ட முயலும் சொல்லொப்பீடுகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றுக்கு மொழியியல் அடிப்படை இல்லை. இரு மொழிகளுக்கும் இடையே அமைப்பு ஒற்றுமைகள் சில உண்டு. அவை உறவால் வந்தவை அல்ல என்பதாலேயே ஆய்வாளர் கவனத்துக்கு உரியவை. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

ஃபிஜியனை ஒரு மொழி என்பதைவிட, தீவுக்குத் தீவு சிறிது சிறிதாக மாறிச் செல்லும் கிளைமொழித் தொடர் என்பதே பொருந்தும். மேற்குக் கிளைமொழி பேசுவோரும் கிழக்குக் கிளைமொழி பேசுவோரும் ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொள்வதில்லை. பால் ஜெராட்டி 1983இல் வெளியிட்ட வரலாற்று ஆய்வின் தலைப்பு ஃபிஜிய 'மொழிகள்' என்று பன்மையிலேயே அமைந்தது. பாவு என்னும் சிறு தீவின் பேச்சே பொதுமொழியாக உயர்ந்தது. அத்தீவின் தலைவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெற்றிருந்த அரசியல் வலிமையும், கிறித்தவச் சமயத்தொண்டர்கள் விவிலிய மொழிபெயர்ப்புக்கு அதனைத் தேர்ந்ததும் இதற்குக் காரணங்கள். டேவிட் ஹேசில்வுட்டின் அகராதி 1850இல் வெளிவந்தபோது பாவு மொழியின் ஆட்சி உறுதியாயிற்று.

1874 அக்டோபர் 10ஆம் நாள் பாவுத் தலைவர் தாக்கொம்பாவும் பிற தலைவர்களும் தீவுகளைப் பிரித்தானிய முடியரசிடம் ஒப்படைத்தனர். முதல் ஆளுநரான ஆர்தர் கார்டன் மண்ணின் மக்களின் நிலம் விற்பனையாவதைத் தடுத்தார். அவர்களை ஊர்களிலிருந்து பெயர்த்துத் தோட்டக் கூலிகளாக்குவதையும் தடுத்தார். இம்முடிவின் பயனாகத் தீவுகளின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இன்றளவும் மண்ணின் மக்களின் குலங்களிடமே உள்ளது. அதே முடிவின் மறுபக்கமாக, வேலைக்கு வேறிடத்திலிருந்து ஆள் கொணர வேண்டியதாயிற்று. ஒரு மக்களைக் காத்த கொள்கை இன்னொரு மக்களைக் கப்பலேற்றியது.

மண்ணின் மக்களுக்கு 'தௌகேய்' என்பது பெயர். 'உடையவர்' என்பது அதன் பொருள். வந்தேறியவர் 'வுலாஙி', அதாவது விருந்தினர். 2010இல் அரசு ஆணையொன்று 'ஃபிஜியர்' என்ற பெயரைக் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவாக்கி, மண்ணின் மக்களை 'இ தௌகேய்' என்றே குறித்தது. இவ்விடத்தில் போனக்காட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். அகத்தியமலைக் காட்டின் பழங்குடியினர் காணிக்காரர் எனப்படுகின்றனர். காணி என்பது தமிழில் நிலவுரிமை. காணியாட்சி என்னும் கல்வெட்டு வழக்கை நினைவுகூர்க. எட்கர் தர்ஸ்டன் இப்பெயருக்கு வழிவழி நிலமுடையோர் என்றே பொருள் கூறினார். உடையவர் என்று பெயர் பெற்றவரின் மலையிலும் தீவிலும் கூலி என்று பெயர் பெற்றவர் லயத்தில் குடியேறினர். கூலி என்னும் சொல்லும் தமிழிலிருந்தே உலக மொழிகளுக்குச் சென்றது என்பது பலர் கருத்து. குஜராத்தின் கோலி இனப்பெயரைச் சுட்டுவோரும் உண்டு.

கிர்மிட்டும் கங்காணியும்

1879 மே மாதம் 'லியோனிடாஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொழிலாளரைக் கொண்டுவந்தது. 1916இல் கடைசிக் கப்பல் வரும் வரை 87 பயணங்களில் 60,000க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் அவர்களைப் பிணைத்தது. 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. அவர்கள் 'கிர்மிட்டியா' ஆயினர். எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாளோடு நீக்கப்பட்டன. தமிழ் வாசகர்க்கு இக்காலம் பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாடலால் அறிமுகமானது.

இங்குக் கவனிக்க வேண்டிய முதற்செய்தி காலம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஃபிஜிக்கு ஆள் அனுப்புவது 1903இல்தான் தொடங்கியது. அதற்கு முன் 24 ஆண்டுகள் வந்தவர் அனைவரும் கல்கத்தா வழியே, பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவதி, போஜ்புரி முதலிய அவர்தம் பேச்சுகள் லைன்களில் கலந்து, வேறுபாடுகள் தேய்ந்து, பொதுமொழி ஒன்று உருவாகியிருந்தது. இன்று 'ஃபிஜி ஹிந்தி' எனவும் பேசுவோரால் 'ஃபிஜி பாத்' எனவும் வழங்கப்படுவது அதுவே. வினையின் இறந்தகாலப் படர்க்கையில் 'போலிஸ்', 'கரிஸ்' என வரும் ஈறு அவதியின் எச்சம். அதன் தோற்றத்தை ஜெஃப் சீகல் 1987இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தெற்கிலிருந்து வந்தோர் 15,000 பேருக்குச் சற்று மிகுதி. மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வடஆர்க்காடு, சென்னை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் ஆகிய மாவட்டத்தாருடன் கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினத்துத் தெலுங்கரும் மலபார் மலையாளிகளும் அவர்களுள் இருந்தனர். 'மதராஸி' என்ற ஒற்றைப் பெயரின் கீழ் மூன்று மொழிகள் அடங்கின. அவர்கள் கப்பலிறங்கியபோது லைனின் பொதுமொழி முன்பே நிலைத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குடியேற்றநாட்டுச் சர்க்கரைச் சுத்திகரிப்புக் கம்பெனியின் மேற்பார்வையாளர்கள் வேலைக்காகக் கற்ற இந்திய மொழி இந்துஸ்தானி. அவர்களைத் தொழிலாளர் 'குலம்பர்' என்றனர். பெயருக்கு மாற்றாக எண்ணைக் கூவியழைத்த 'கால் நம்பர்' என்ற ஆங்கிலத் தொடரே அதன் மூலம் என்பர். கீழ்மட்ட ஏவலாளர் 'சர்தார்' எனப்பட்டனர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர் கரும்பு வெட்டக் கற்றபோதே இம்மொழியையும் கற்க வேண்டியிருந்தது.

இலங்கையில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கு ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் தம் ஊரிலும் உறவிலும் ஆட்களைச் சேர்த்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டிச் சென்றார். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள். அவரவர்க்கு அவரவர் கூட்டம். ஊரின் ஒரு துண்டே பெயர்ந்து மலையேறியது போன்றது அது. தென்திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களும் இம்முறையையே கையாண்டன. தோட்டத்தின் ஆட்சிச் சொற்களும் தமிழாகவே அமைந்தன: துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, கொழுந்து, 'பரேடு' என்பதிலிருந்து வந்த பெரட்டு. ஆங்கிலத் துரைமார் கூலிகளிடம் வேலை வாங்கத் தமிழ் கற்றனர். அவர்களுக்கெனக் கொழும்பில் அச்சான கையேட்டின் பெயரே 'இங்கே வா' என்பது. ஏவலின் மொழிதான் அது. கனிவின் மொழி அன்று. ஆயினும் தோட்டத்தின் மேலிருந்து கீழ்வரை இயங்கிய மொழி தமிழ் என்பதற்கு அச்சிறு நூல் சான்றாகிறது. ஃபிஜியில் அத்தகைய கையேட்டுக்குத் தேவை எழவில்லை.

கிர்மிட் முறை தனியாட்களைத் திரட்டியது. சென்னைக் கிடங்கில் ஒன்றாகத் தங்கியவர்கள் வெவ்வேறு மாவட்டத்தினர், வெவ்வேறு சாதியினர். கப்பலிலிருந்து இறங்கியதும் தோட்டங்களின் தேவைக்கேற்பப் பிரித்தனுப்பப்பட்டனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது குடியேற்ற விதி. ஆகவே ஒரு மொழிக்குள்ளேயே மணவுறவு கொள்ளுதல் பலருக்கு இயலாதாயிற்று. தமிழர் தெலுங்கரை மணந்த வீட்டில் இருவர்க்கும் பொதுவான மொழி எதுவாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் ஒழிந்த பின்னர் நிலத்தின் அமைப்பும் தமிழுக்கு எதிராக நின்றது. 1920களில் கம்பெனி தன் பெருந்தோட்டங்களைப் பத்து ஏக்கர் அளவிலான குத்தகைத் துண்டுகளாகப் பிரித்துக் குடும்பங்களுக்கு அளித்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் கரும்புக் கொல்லையின் நடுவே வீடு கட்டிக்கொண்டது. தெரு இல்லை; ஊர்நடுவும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் களப்பணி செய்த ஏட்ரியன் மேயர், ஃபிஜி இந்தியரின் குடியிருப்புகள் இந்தியச் சிற்றூர்போல் நெருங்கியவை அல்ல, சிதறியவை என்பதை விளக்கியுள்ளார். அடுத்த கொல்லைக்காரர் தமிழராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கரும்பு வெட்டும் குழு அக்கம்பக்கத்துக் குத்தகைக்காரர் அனைவரையும் சேர்த்தது. குழுவின் மொழி ஃபிஜி பாத். லயம் என்னும் நெருக்கடியான வரிசை வீடு மனிதர்க்கு இழைத்த கொடுமை மிகுதி. எனினும் ஒருமொழியாளரை ஒரே கூரையின் கீழ் வைத்ததால் அது இலங்கையிலும் கேரள மலையிலும் மொழிக்குக் கோட்டையாயிற்று. ஃபிஜியில் லைனிலிருந்து விடுதலை பெற்றதே மொழி சிதறக் காரணமாயிற்று. விடுதலையை யார் குறைகூற இயலும்?

சங்கமும் கணக்கெடுப்பும்

தென்னிந்தியர் வாளாவிருந்தனர் எனல் பிழை. 1926இல் நாந்தியில் சாது குப்புசாமி தலைமையில் 'தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' நிறுவப்பட்டது. ஆங்கிலத்தில் இன்றும் அது தன் தமிழ்ப் பெயரின் முதலெழுத்துகளாலேயே அறியப்படுகிறது. அரசும் பிற அமைப்புகளும் இந்தியர் பள்ளிகளில் இந்துஸ்தானியையே முன்னிறுத்திய காலத்தில், தமிழும் தெலுங்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது சங்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. இராமகிருஷ்ண மடத்தின் சுவாமி அவிநாசானந்தர் 1937இல் வந்தார். 1939இல் வந்த சுவாமி ருத்ரானந்தர் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிப் பணியாற்றினார். இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. 1941இல் தெலுங்கர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். 'மதராஸி' என்று வெளியார் இட்ட பெயர் உள்ளே எவ்வளவு பொருந்தாதிருந்தது என்பதை இப்பிரிவு காட்டுகிறது.

ஆயினும் பள்ளியில் பாடமாக இருப்பது வேறு, அடுப்படியில் பேச்சாக இருப்பது வேறு. 1956, 1966 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகள் இந்தியர் வீடுகளில் முதன்மையாகப் பேசப்படும் மொழியைக் கேட்டுப் பதிவு செய்தன. தமிழ் 1956இல் 1,498 வீடுகளில் பேசப்பட்டது. 1966இல் 999 வீடுகளில். தெலுங்கு 797 வீடுகளிலிருந்து 301 வீடுகளுக்கும், மலையாளம் 134 வீடுகளிலிருந்து 47 வீடுகளுக்கும் இறங்கின. பத்தே ஆண்டுகளில் தமிழ் வீடுகளில் மூன்றில் ஒன்று மறைந்தது. மற்ற இரு மொழிகளும் பாதிக்கும் மேல் இழந்தன. இவ்வெண்களை ஊன்றி நோக்கின், கூட்டம் சிறிதாகச் சிறிதாக இழப்பின் வேகம் கூடுவது புலனாகும். சங்கம் தோன்றி நாற்பதாண்டு ஆன நிலை இது. தாய்மொழிப் பற்று இல்லாத மக்கள் பள்ளி கட்டியிருக்க மாட்டார்கள். பள்ளி கட்டியும் காக்க இயலவில்லை என்பதே இங்குப் பெறப்படும் செய்தி.

மொழி எங்கே போயிற்று? மாரியம்மன் கோயில்களுக்கும், தீமிதி விழாவுக்கும், தெருக்கூத்துக்கும், சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கும் போயிற்று. 1994இல் குடமுழுக்குக் கண்ட நாந்தியின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் திராவிடக் கட்டடக்கலை முறையில் எழுந்தது. தீமிதிக்கு இங்கு ஓர் இணையும் உண்டு: பெங்காத் தீவின் சவாவு குலத்தார் காய்ச்சிய கற்களின்மேல் நடக்கும் தொன்மரபினர். ஒரே நாட்டில் தீ மிதிக்கும் மரபுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

சமூகப் பெயர்கள் மொழியைவிட நீண்ட ஆயுள் உடையவை. பிள்ளை, நாயுடு, ரெட்டி, கவுண்டர் என்பன ஃபிஜியில் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. அப்பெயருடையோர் எழுதும் மொழி வேறு. ரேமண்டு பிள்ளையின் 'அதூரா சப்னா' என்னும் நாடகம் ஃபிஜி ஹிந்தியில் அமைந்தது. சுப்பிரமணி 2001இல் வெளியிட்ட 'டவுக்கா புரான்' அம்மொழியின் முதல் பெரும் புதினமாகப் போற்றப்படுகிறது. ஃபிஜி ஹிந்தியில் தென்னக மொழிச் சொற்கள் மிகச் சிலவே நுழைந்தன. தென்னகப் பெயர் தாங்கியோர் அம்மொழிக்கு இலக்கியம் தந்தனர்.

ஃபிஜி ஹிந்திக்கும் நிறைவான வாழ்வு வாய்த்ததாகக் கூற இயலாது. பள்ளியில் கற்பிக்கப்பட்டது 'சுத்த ஹிந்தி'. வீட்டுப் பேச்சைப் பேசுவோரே 'உடைந்த ஹிந்தி' என்று இழித்துரைத்தனர். தமிழின் இரட்டை வழக்கை அறிந்தார்க்கு இம்மனநிலை புதிதன்று. 1997 அரசியலமைப்பு ஆங்கிலம், ஃபிஜியன், இந்துஸ்தானி ஆகிய மூன்றுக்கும் சமநிலை வழங்கியது. 2013 அரசியலமைப்புதான், வழக்கிலுள்ள இ தௌகேய் மொழியும் 'ஃபிஜி ஹிந்தி'யும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்று அப்பெயரையே சுட்டிக் கூறிற்று. இவ்விரண்டுக்கும் இடையே 2000, 2006 ஆண்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்புகள் நிகழ்ந்தன. 1987இல் முன்பே இரண்டு நிகழ்ந்திருந்தன. 1946 கணக்கெடுப்பில் மண்ணின் மக்களை எண்ணிக்கையில் விஞ்சிய இந்தியர், பெருமளவு வெளியேற்றத்தின் பின் 2007இல் 37.5 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கனடாவிலும் உள்ள அவர்தம் பிள்ளைகளிடம் ஃபிஜி ஹிந்தியே காக்கப்பட வேண்டிய மொழியாகிவிட்டது.

இத்தீவுகளில் வேறு மொழிகளும் உண்டு. வடக்கே தொலைவிலுள்ள ரொத்துமாவின் மொழி தனித்தது. அம்மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் முழுவடிவம், குறைவடிவம் என இரண்டு. குறைவடிவில் ஈற்றெழுத்துகள் இடம் மாறுவது இயல்பு. ரம்பித் தீவில் 1945இல் குடியேற்றப்பட்ட பனபா மக்கள் கிரிபாட்டி மொழியும், கியோவாவில் 1947 முதல் குடியேறியோர் துவாலு மொழியும் பேசுகின்றனர்.

எழுத்தும் மொழிபெயர்ப்பும்

ஃபிஜியப் பெயர்களைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் உரோமன் எழுத்தைப் பின்பற்றுகின்றனர். நாந்தியை 'நாடி' என எழுதுதல் ஓர் எடுத்துக்காட்டு. பிழைக்குக் காரணம் 1835இல் லகெம்பாத் தீவில் வந்திறங்கிய டேவிட் கார்கில், வில்லியம் கிராஸ் ஆகிய சமயத்தொண்டர்கள் வகுத்த எழுத்துமுறை. ஃபிஜியனில் ஒலிப்புடை வெடிப்பொலிகள் தனித்து வருவதில்லை. மெல்லின மூக்கொலியோடு சேர்ந்தே வரும். முதலில் அவர்கள் இரண்டிரண்டு எழுத்துகளால் எழுதியபோது மக்கள் இடையில் ஓர் உயிரைச் சேர்த்து வாசித்தனர். எனவே 'ம்ப' என்பதற்கு ஆங்கில 'பி'யையும், 'ந்த' என்பதற்கு 'டி'யையும், 'ங்க' என்பதற்கு 'கியூ'வையும் ஒற்றை எழுத்துகளாக வகுத்தனர். ஃபிஜியர்க்கு இம்முறை எளிது, அயலார்க்குப் பொறி.

தமிழர்க்கோ எத்தடையும் இல்லை. தமிழிலும் மெல்லினத்தின் பின்னர் வரும் வல்லினம் ஒலிப்புடையதாகும். ஆகவே நாந்தி, லம்பாசா, லகெம்பா எனத் தமிழ் மரபுப்படி எழுதினாலே ஒலிப்பு அமைந்துவிடுகிறது. இரட்டைத் தோணியைக் குறிக்கும் சொல்லின் முதலிலும் ஓர் ஊர்ப்பெயரின் இடையிலும் வரும் மூக்கொலிசார் ரகரத்துக்கு 'ன்ற' பொருந்துவதுபோல் வேறெந்த எழுத்தும் பொருந்தாது, அவ்வூர் 'நன்றோஙா'. தமிழில் தனித்து வர இடமில்லாது கிடக்கும் ஙகர உயிர்மெய்களுக்கும் இங்கு வேலை கிடைக்கிறது: சிஙத்தோக்கா. உயிரிடை வரும் தகரம் உரசொலியாதல் தமிழியல்பு. 'மமநூதா' என்ற தீவுக்கூட்டத்தின் பெயரில் அவ்வொலியே உள்ளது. சொல்முதலில் மட்டும் இவ்வசதி குன்றும். 'ம்ப' சொல்முதலாகாமையின் 'பா' எனவே எழுத நேர்கிறது.

உறவுமுறையிலும் இத்தகைய ஒற்றுமை காணப்படுகிறது. ஃபிஜியனில் தந்தையின் அண்ணன் 'பெரிய தந்தை', தம்பி 'சிறிய தந்தை'. தாயின் உடன்பிறந்தாள் 'தாய்'. தாய்மாமனுக்குத் தனிப் பெயர் 'மோமோ'. மாமன் மகனும் அத்தை மகனும் 'தவலே' ஆவர், உடன்பிறந்தாராகக் கருதப்படார். இவ்வொப்புமையை லோரிமர் ஃபைசன் என்ற சமயத்தொண்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு லூயிஸ் ஹென்றி மார்கனுக்குத் தெரிவித்தார். வட இந்திய வழக்கில் மாமன் மகளும் உடன்பிறந்தாளே. முறைப்பெண் என்ற கருத்தை அயலில் இருந்த ஃபிஜியரிடம் விளக்கத் தேவையிராத தமிழர், ஒரே லைனில் வாழ்ந்த வட இந்தியரிடம் அதற்காக ஏளனத்தை எதிர்கொள்ள நேர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் மிகவும் நின்று நோக்க வேண்டியது தன்மைப் பன்மை. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என இரண்டு. ஃபிஜியனில் ஆறு: நீயும் நானும் 'கெந்தாரு', உன்னைத் தவிர்த்த இருவர் 'கெய்ராவு', சிலராகிய நாம் 'கெந்தாத்தோவு', சிலராகிய நாங்கள் 'கெய்த்தோவு', பலராகிய நாம் 'கெந்தா', பலராகிய நாங்கள் 'கெய்மாமி'. ஃபிஜி ஹிந்தியில் 'ஹம்' என்பது 'நான்'. பன்மைக்கு 'ஹம் லோக்'. உளப்பாட்டு வேறுபாடு அங்கில்லை. 2013 அரசியலமைப்பின் முகப்புரை 'வீ' என்னும் ஆங்கிலப் பன்மையுடன் தொடங்கி, மண்ணின் மக்களையும் ஒப்பந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்களையும் பெயர் சுட்டி ஏற்கிறது. ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் அச்சொல் யாரை உள்ளடக்குகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஃபிஜியனில் பெயர்ப்பவர் முதற்சொல்லிலேயே முடிவு செய்தாக வேண்டும். தமிழில் பெயர்ப்பவரும் அவ்வாறே. உடையவர், விருந்தினர் என்ற பெயர்களால் நான்கு ஆட்சிக் கவிழ்ப்புகளைக் கண்ட நாட்டில் அது இலக்கணச் சிக்கல் மட்டும் அன்று.

லைனில் தமிழைக் கைவிட்ட குடும்பம் அயலாரோடு பொதுவாகத் தனக்கிருந்த இவ்வேறுபாட்டையும் உடன் கைவிட்டது. போனக்காட்டில் நிலை வேறு. அங்குப் பள்ளி செல்லும் பிள்ளை மலையாளத்துக்கு மாறினாலும் 'நம்மள்' என்பதையும் 'ஞங்ஙள்' என்பதையும் பிரித்தே பேசும்.